எக்ஸ்-ரேயைக் காட்டி எக்ஸ்-ரேயைத் தேடுவது எப்படி: மலையிலுள்ள சிறிய மருத்துவமனைகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஒரு நெஞ்சு எக்ஸ்-ரேயைக் கணினியிடம் கொடுத்து, இதே மாதிரி முன்பு வந்த படங்களை எடுத்துக் காட்டு என்று கேட்கலாம். அந்தப் பழைய படங்களோடு அவற்றின் முடிவும் வரும்: அந்த நோயாளிக்குக் கடைசியில் என்ன நோய் என்று தெரிந்தது, எந்தப் பரிசோதனையில் தெரிந்தது. நோயைச் சொல்வது மருத்துவர்தான். அவர் யோசிக்கும்போது பக்கத்தில் எடுத்துவைத்துப் பார்க்கப் பழைய படங்கள் கிடைக்கின்றன.

நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் ஒன்று, கூடலூர்ப் பக்கம் ஒன்று என இரண்டு சிறிய மருத்துவமனைகளின் எக்ஸ்-ரே அறையில் இதை அமைத்திருக்கிறேன். உதவிக்கு வந்த கல்லூரி மாணவர்களும் புதிதாகச் சேர்ந்த மருத்துவர்களும் எங்கே தடுமாறினார்கள் என்று கூடவே இருந்து பார்த்தேன். அநேகமாக எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுமாறினார்கள். நிரலை முதலில் எழுதி முடித்துவிட்டு, படங்களின் நோய்முடிவைக் கடைசியில் தேடினார்கள். அதனால்தான் இங்கே கணினி வேலை ஏழாவது படியில் வருகிறது. வரிசையை மாற்றாதீர்கள்.

1. எது ‘ஒத்த படம்’ என்று ஒரே வரியில் எழுதுங்கள்

இரண்டு எக்ஸ்-ரேக்கள் பல விதத்தில் ஒத்திருக்கும். ஒரே மெஷினில் எடுத்திருக்கலாம். இருவருக்கும் ஒரே உடல்வாகு இருக்கலாம். இருவரும் ஒரே மாதிரி கோணலாக நின்றிருக்கலாம். உங்களுக்கு வேண்டியது எந்த ஒற்றுமை என்று கணினிக்குத் தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நாங்கள் எழுதிய வரி இது: “பெரியவர்களை நிற்கவைத்து, பின்பக்கமிருந்து எடுத்த நெஞ்சுப் படத்தில், வெள்ளை நிழல் இருக்கும் இடமும் அதன் தன்மையும் ஒத்திருக்க வேண்டும்.” இந்த வரியே பாதி முடிவுகளை எடுத்துவிடுகிறது. குழந்தைகள் படம் வெளியே போகிறது. கைக்குழந்தைக்குத் தைமஸ் சுரப்பியின் நிழல் இதயத்துக்கு மேலே அகலமாகத் தெரியும், பெரியவர் படத்தோடு ஒப்பிட்டால் அது கட்டி மாதிரி வந்து நிற்கும். படுக்கையில் வைத்து முன்பக்கமிருந்து எடுத்த படமும் வெளியே போகிறது. அதில் இதயம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும்.

சி.டி., எம்.ஆர்.ஐ. எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நெஞ்சு எக்ஸ்-ரேதான் எல்லா ஊரிலும் அதிகம் எடுப்பது, அதிலேயே தொடங்குங்கள்.

2. முன்கூட்டியே எடுத்துவைக்க வேண்டியவை

16 ஜிபி ராம் உள்ள சாதாரண கணினி போதும். ஜிபியூ (கணக்கை வேகமாகப் போடும் கிராஃபிக்ஸ் சிப்) இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஓர் இரவு ஓடவிடுங்கள். யுபிஎஸ் கட்டாயம். நகலுக்கு ஒன்று, நகலின் நகலுக்கு ஒன்று என இரண்டு ஹார்ட் டிஸ்க் வேண்டும். ஒன்று வேறு கட்டடத்தில் இருக்கட்டும்.

மென்பொருள் எல்லாமே இலவசம். படங்களைச் சேர்த்துவைக்க ஆர்தங்க், மருத்துவப் படங்களின் கோப்பு வடிவமான டைகாமைத் திறக்கப் பைடைகாம், மாதிரியை (படங்களைக் காட்டிப் பழக்கிய ‘மாடல்’) ஓட்டப் பைடார்ச், தேடுவதற்கு ஃபெய்ஸ். எல்லாவற்றையும் முதலிலேயே இறக்கிவைத்துவிடுங்கள், அப்புறம் இணையமே இல்லாமல் ஓட வேண்டும். கூடலூர், பந்தலூரில் தென்மேற்குப் பருவமழையிலும், கோத்தகிரி, குன்னூரில் வடகிழக்குப் பருவமழையிலும் மரம் விழுந்தால் கேபிள் போய்விடும். சிக்கலான நோயாளி வரும் நேரம் பார்த்து அது போகும். தவிர, நோயாளியின் படம் மருத்துவமனையை விட்டு வெளியே போகாமல் இருப்பதற்கும் இதுவே வழி.

எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவது பற்றி அதே ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட நெறிமுறைகளும் உங்கள் நெறிமுறைக் குழுவின் மேசையில் இருக்கட்டும். சொந்தக் குழு இல்லாத மருத்துவமனை, குழு உள்ள ஒரு கல்லூரியோடு சேர்ந்து விண்ணப்பிக்கலாம்.

கடைசியாக, வாரம் இரண்டு மணி நேரம் உட்காரச் சம்மதிக்கும் ஒரு மருத்துவர். அவர் கிடைக்கும்வரை தொடங்காதீர்கள்.

3. நோய்முடிவு ஏடு: எல்லா வேலையும் இதில்தான்

ஒரு படத்துக்கு ஒரு வரி என்று ஓர் அட்டவணை போடுங்கள். குறியீட்டு எண், வயது வரம்பு, ஆணா பெண்ணா, படம் எடுத்த நிலை, மெஷின், ஆண்டு, நோய்முடிவு, அது எதனால் உறுதியானது, உறுதியின் தரம். கடைசி இரண்டு பத்திகளைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். அவை இல்லாவிட்டால் இந்தத் தேடலே வேண்டாம்.

தரத்தை மூன்றாகப் பிரித்தோம். ‘அ’ என்றால் ஆய்வகம் உறுதி செய்தது: சளியில் டிபி கிருமியைத் தேடும் சிபிநாட் அல்லது ட்ரூநாட் சோதனை பாசிட்டிவ், பயாப்சி (திசுவை எடுத்துப் பார்க்கும் சோதனை) முடிவு, நெஞ்சுக்கூட்டில் கோத்த நீரை எடுத்துப் பார்த்த முடிவு. ‘ஆ’ என்றால் பின்தொடர்ந்து பார்த்துத் தெரிந்தது. நிமோனியா என்று மருந்து கொடுத்து, சில வாரம் கழித்து எடுத்த படத்தில் நிழல் கலைந்திருந்தால் அது ‘ஆ’. ‘இ’ என்றால் எக்ஸ்-ரே ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறது, அவ்வளவுதான்.

‘இ’ தரப் படங்களைத் தேடலில் சேர்க்காதீர்கள். ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்பீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

தேயிலை பறிக்கும் அம்மா ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர். வலது நுரையீரலின் மேல்பாகத்தில், காரை எலும்புக்குக் கீழே ஒரு வெள்ளைத் திட்டு. ரிப்போர்ட்டில் கையால் எழுதியிருந்தது “டிபி?” என்று. அட்டவணையில் ஏற்றியவர் “டிபி” என்று தட்டினார். அந்தக் கேள்விக்குறி அங்கேயே விழுந்துவிட்டது. அந்த அம்மாவைக் கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள், அங்கே பயாப்சியில் புற்றுநோய் என்று வந்தது. அந்தச் சீட்டு எங்கள் எக்ஸ்-ரே அறைக்கு வந்துசேரவே இல்லை. எட்டு மாதம் அவருடைய படம் எங்கள் தேடலில் டிபி என்ற பெயரோடு இருந்தது. அதே மாதிரித் திட்டோடு யார் வந்தாலும், “இதோ இதுவும் டிபிதான்” என்று அது சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. இத்தனைக்கும் படம் சரியாக இருந்தது, நிரலும் சரியாக இருந்தது. ஒரு கேள்விக்குறிதான் இல்லை.

அதனால் மூன்று வழக்கங்களை வைத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டில் உள்ள கேள்விக்குறி, “இருக்கலாம்”, “தவிர்க்க முடியாது” போன்ற சொற்களை அப்படியே ஏற்றுங்கள், சுருக்காதீர்கள். டிபி மாத்திரை கொடுத்த பதிவேட்டைப் பார்த்து டிபி என்று எழுதாதீர்கள், சளி முடிவைப் பார்த்து எழுதுங்கள். மலையிறக்கி அனுப்பிய ஒவ்வொரு நோயாளியின் முடிவையும் போன் போட்டுக் கேளுங்கள். இதற்கென்று ஒரு செவிலியருக்கோ களப்பணியாளருக்கோ வாரத்தில் அரை நாள் ஒதுக்க வேண்டும். அவர்களுக்குத்தான் நோயாளியின் வீடு தெரியும்.

நீலகிரியில் இன்னொரு பத்தியும் கட்டாயம்: சிக்கிள் செல் நிலை. பணியர், இருளர், குறும்பர், காட்டுநாயக்கர் போன்ற பழங்குடி மக்களிடம் இந்த இரத்த நோய் இருக்கிறது. சிக்கிள் செல் நோயாளிக்கு வரும் கடுமையான நெஞ்சுத் தாக்கம் எக்ஸ்-ரேயில் நிமோனியா போலவே தெரியும். படத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது, ஆனால் சிகிச்சை வேறு. படம் ஒத்திருக்கிறது என்று நிமோனியாக்களை வரிசையாகக் காட்டி மருத்துவரின் யோசனையை மூடிவிடக் கூடாது. “சிக்கிள் செல்: பார்க்கவில்லை” என்று திரையில் வந்தால், பார்க்கச் சொல்ல ஒரு காரணம் கிடைக்கிறது.

எத்தனை படம் வேண்டும்? என் கருத்தில், நன்றாக உறுதிசெய்த 500 போதும். முடிவு தெரியாத பத்தாயிரத்தை வைத்துக்கொண்டு நான் தொடங்க மாட்டேன்.

4. பெயரை நீக்குங்கள், ஊரையும் நீக்குங்கள்

டைகாம் கோப்பின் தலைப்பகுதியில் பெயர், பிறந்த தேதி, ஐ.பி. நம்பர் (உள்நோயாளி எண்) எல்லாம் இருக்கும். அவற்றை நீக்கும் நிரல் எளிது, எல்லாரும் அதைச் செய்துவிடுகிறார்கள். மறப்பது இவை: படத்தின் மூலையிலேயே மெஷின் பொறித்த பெயர், கோப்பின் பெயரில் ஒட்டியிருக்கும் நோயாளி பெயர், அட்டவணையில் மறைத்துவைத்த பத்தி, மெஷின் தயாரித்தவர்கள் தங்களுக்கென்று வைத்திருக்கும் தனிப் புலங்கள்.

மலைக்கு இன்னொரு எச்சரிக்கை. ஒரு ஹட்டியிலோ (படகர் ஊர்) மந்திலோ (தோடர் குடியிருப்பு) இருக்கும் வீடுகளை எண்ணிவிடலாம். “62 வயது ஆண், இன்ன ஊர், நுரையீரல் புற்றுநோய்” என்று எழுதினால் பெயர் எழுதாமலே ஆளைச் சொல்லிவிட்டீர்கள். ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு, வயதை ஐந்து ஐந்து ஆண்டு வரம்பாக மாற்றுங்கள். குறியீட்டு எண்ணையும் உண்மைப் பெயரையும் இணைக்கும் ஏடு ஒன்றே ஒன்று, பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் பின்னால் நோய்முடிவைத் திருத்த வழியிருக்காது, அதனால் அழித்துவிடாதீர்கள்.

5. பழைய ஃபிலிம்களை ஏற்றுவது

ஃபிலிமுக்குப் பதிலாகத் தகட்டில் எடுத்துக் கணினியில் ஏற்றும் சி.ஆர். மெஷின் வருவதற்கு முந்தைய படங்கள் பழுப்பு உறைகளில் அடுக்கியிருக்கும். இந்த ஈரப்பதத்தில் அவற்றில் பூஞ்சணம் பூத்திருக்கும், ஒன்றோடொன்று ஒட்டியும் இருக்கும். ஒட்டியதைப் பிய்க்காதீர்கள், மேல்பூச்சு உரிந்துவிடும். அவற்றை ஒதுக்கிவையுங்கள்.

பூஞ்சணப் புள்ளிகள் விழுந்த ஃபிலிமையும் சேர்க்காதீர்கள். நுரையீரல் முழுக்கத் தினை தூவியது மாதிரி புள்ளியிருக்கும் மிலியரி டிபிக்கும் பூஞ்சணத்துக்கும் கணினி வித்தியாசம் பார்க்காது. ஃபிலிமைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் மனிதக் கண்ணுக்குத் தெரிந்துவிடும்: பூஞ்சணம் மேற்பரப்பில் மங்கலாகத் தடித்திருக்கும்.

மூடியிலிருந்தும் ஒளி வரும் ஸ்கேனர் இருந்தால் அதில் எடுங்கள். இல்லாமல் வியூபாக்ஸில் மாட்டி கேமராவில் எடுப்பதென்றால், ஃபிலிமைச் சுற்றி மிச்சமுள்ள வெளிச்சத்தைக் கறுப்பு அட்டையால் மறைத்து, அறை விளக்கை அணைத்து, நேராக நின்று எடுங்கள். எப்படி எடுத்தாலும், “ஃபிலிமிலிருந்து வந்தது” என்று அட்டவணையில் குறியுங்கள். ஒன்பதாவது படியில் இது தேவைப்படும். வாட்ஸ்அப்பில் வந்த படங்களைத் தொகுப்பில் சேர்க்கவே கூடாது.

6. எல்லாப் படத்தையும் ஒரே நிலைக்குக் கொண்டுவாருங்கள்

முதலில் கறுப்பு வெள்ளை. டைகாமில் ‘மோனோகுரோம் 1’, ‘மோனோகுரோம் 2’ என்று இரண்டு வகை உண்டு. ஒன்றில் சிறிய எண் வெள்ளை, மற்றதில் சிறிய எண் கறுப்பு. இதைப் பார்க்காமல் படித்தால் பாதிப் படங்கள் நெகட்டிவ் மாதிரி உள்ளே போகும். அப்புறம் நெகட்டிவ் எல்லாம் ஒன்றுக்கொன்று ‘ஒத்த படம்’ ஆகிவிடும்.

அடுத்து ஒளி அளவு. சி.ஆர். படத்தில் பெரும்பாலும் 12 பிட், அதாவது 4096 சாயல்கள் இருக்கும். அதை 256 ஆகக் குறைக்கும்போது கோப்பில் சொல்லியிருக்கும் விண்டோ அளவை (எந்தச் சாயலிலிருந்து எந்தச் சாயல்வரை காட்ட வேண்டும் என்பதை) மதித்துக் குறையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு பதினாறால் வகுத்தால் நுரையீரல் மொத்தமும் கறுத்துப் போகும்.

மூன்றாவது இடம் வலம். சி.ஆர். தகட்டைத் திருப்பிப் போட்டு எடுத்த படம் கண்ணாடி பிம்பமாக வரும். இடம், வலம் காட்டப் படத்தில் வைக்கும் ஈய எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். இதயத்தின் முனையும் இரைப்பையின் காற்றுக் குமிழியும் இடப்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் வலப்பக்கம் இருந்தால் உண்மையிலேயே வலப்பக்க இதயமாகவும் இருக்கலாம், நோயாளியிடம் ஸ்டெதஸ்கோப் வைத்த மருத்துவரைக் கேளுங்கள். நீங்களாகத் திருப்பிப் போடாதீர்கள்.

நான்காவது வெட்டுவது. நுரையீரல் பகுதியை மட்டும் வெட்டி எடுத்தால் மூலையிலுள்ள எழுத்து, தோள், பின்னணி எல்லாம் போய்விடும். இதற்கு ஆயத்த மாதிரிகள் உண்டு. ஆனால் ஒரு பக்கம் முழுக்க நீர் கோத்து வெள்ளையாகிவிட்ட படத்தில், அந்த வெள்ளைப் பக்கம் நுரையீரலே இல்லை என்று அது வெட்டி எறிந்துவிடும். எது முக்கியமோ அதுவே போய்விடும். அதனால் நுரையீரலின் ஓரத்தை ஒட்டி வெட்டாமல், இரண்டையும் சேர்த்து ஒரு பெரிய செவ்வகமாக வெட்டுங்கள். ஒரு பக்கம் மற்றதைவிட மிகச் சிறிதாக வந்தால் முழுப் படத்தையே வைத்துக்கொள்ளும்படி நிரலில் எழுதிவிடுங்கள்.

7. படத்தை எண்களாக மாற்றுவது

இப்போதுதான் கணினி வேலை. நெஞ்சு எக்ஸ்-ரேக்களில் ஏற்கெனவே பழக்கிய மாதிரி ஒன்றை எடுத்து, அது நோய்ப் பெயர் சொல்லும் கடைசி அடுக்கைக் கழற்றிவிட்டு, அதற்கு முந்தைய அடுக்கின் எண்களை எடுத்துக்கொள்ள வேண்டும். டார்ச்எக்ஸ்ரேவிஷன் தொகுப்பிலுள்ள டென்ஸ்நெட் 121 என்றால் ஒரு படத்துக்கு 1024 எண்கள். அந்த எண்வரிசைதான் வெக்டர். இரண்டு படங்களின் வெக்டர்கள் ஒரே திசையில் நின்றால் அவை ஒத்த படங்கள்.

நாய், பூனை, நாற்காலிப் படங்களில் பழக்கிய பொது மாதிரியை நேரடியாக எடுக்காதீர்கள். அது விளிம்பையும் துணியையும் நன்றாகப் பார்க்கும், நுரையீரலின் நுண்ணிய நிழலில் அதற்குப் பழக்கம் இல்லை. புதிதாக மாதிரியைப் பழக்கவும் இறங்காதீர்கள், 500 படங்கள் அதற்குப் போதாது.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று படத்தின் அளவு. அந்த மாதிரி 224-க்கு 224 புள்ளிகளாகச் சுருக்கித்தான் படத்தைப் பார்க்கிறது. 43 செ.மீ. உயரமுள்ள படத்தை 224 புள்ளியாக்கினால் ஒரு புள்ளிக்குள் கிட்டத்தட்ட 2 மி.மீ. அடங்கிவிடும். மிலியரி டிபியின் புள்ளிகள் 1 முதல் 3 மி.மீ. வரைதான். சுருக்கிய படத்தில் அவை கரைந்து, லேசான மூட்டம் மாதிரி ஆகிவிடும்.

இதற்கு எளிய வழி: முழுப் படத்துக்கு ஒரு வெக்டர், அப்புறம் இரண்டு நுரையீரலையும் மேல், நடு, கீழ் என்று பிரித்த ஆறு பகுதிகளுக்கு ஆறு வெக்டர், ஆக ஏழு. மருத்துவர் சந்தேகமான இடத்தைச் சுட்டினால் அந்தப் பகுதியை அதே பகுதியோடு ஒப்பிடலாம். வலது உச்சியில் உள்ள சின்னத் திட்டைத் தேடும்போது இதயத்தின் அளவு குறுக்கே வராது.

வெளிநாட்டுத் தொகுப்புகளைச் சேர்க்கலாமா என்று எல்லா மாணவர்களும் கேட்கிறார்கள். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 2017-இல் வெளியிட்ட தொகுப்பில் 30,805 பேரின் 1,12,120 படங்கள் இருக்கின்றன. அதிலுள்ள 14 பெயர்ப் பட்டியலில் டிபி இல்லை. அந்தப் பெயர்களும் ரிப்போர்ட்டுகளைக் கணினி வாசித்து எடுத்தவை, நம் கணக்கில் ‘இ’ தரம். நிரல் ஓடுகிறதா என்று பார்க்க அது நல்லது, மருத்துவர் மேசைக்கு வேண்டாம். டிபிக்கென்றே உள்ள ஷென்சென் தொகுப்பு 662 படங்கள், மான்ட்கோமரி 138 படங்கள். சேர்ப்பதானால் இவற்றைத் தனி அடையாளத்தோடு சேருங்கள்.

8. தேடல் பட்டியல்

இது சின்ன வேலை. எல்லா வெக்டரையும் ஒரே நீளத்துக்குக் கொண்டுவந்து ஃபெய்ஸில் போடுங்கள். வேகமாகத் தோராயமாகத் தேடும் முறைகள் நிறைய உண்டு, உங்களுக்குத் தேவையில்லை. 20,000 படங்கள், ஆளுக்கு ஏழு வெக்டர் என்றாலும் மொத்தம் 600 எம்பி கூட வராது. ஒவ்வொன்றாக ஒப்பிடும் நேரடித் தேடலே கண் இமைக்கும் நேரத்தில் முடியும். தோராய முறையில் சரியான படம் ஒன்று விட்டுப்போனால் அது விட்டுப்போனதே உங்களுக்குத் தெரியாது.

9. முதல் தேடலில் வரும் பத்துப் படங்களை உற்றுப் பாருங்கள்

கோத்தகிரிப் பக்கம் முதல் நாள் தேடியபோது, இடது கீழ்ப்பாகத்தில் நீர் கோத்த ஒருவரின் படத்தைக் கொடுத்தோம். வந்த பத்தில் ஏழு பேருக்கு நீரே இல்லை. மாணவர்கள் மாதிரியை மாற்றலாம் என்றார்கள். நான் படங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். நெஞ்சு நடுவில் மேலிருந்து கீழாக, சின்னச் சின்னப் பற்களாக ஒரு வெள்ளைக் கோடு. ஸ்வெட்டர் ஜிப்! டிசம்பர் குளிரில் காலை எட்டு மணிக்கு எக்ஸ்-ரே எடுக்க வந்தவர்கள் ஸ்வெட்டரைக் கழற்ற மனமில்லாமல் நின்றிருக்கிறார்கள், நாங்களும் பாவம் என்று விட்டிருக்கிறோம். கணினிக்கு அந்தக் கோடு எந்த நோயைவிடவும் தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

ஜிப், பித்தான், தாலிச் சங்கிலி, தாயத்து, ஈசிஜி ஒயர் எல்லாமே இப்படி இழுக்கும். நெஞ்சில் டியூப் போட்ட படங்களையும் கவனியுங்கள். நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்தவர்களுக்கு டியூப் போட்ட பிறகு எடுத்த படங்கள் தொகுப்பில் நிறைய இருந்தால், தேடல் டியூப்பைத்தான் பிடிக்கும். டியூப் போடாத புது நோயாளிக்குத்தான் உதவி தேவை, அவருக்கு அது கிடைக்காது.

சோதிக்க ஒரு வழி: வந்த பத்துப் படங்களின் மெஷின், ஆண்டு, ஃபிலிமா சி.ஆரா, நின்றா படுத்தா என்ற பத்திகளைப் பாருங்கள். பத்தும் ஒரே மெஷின், ஒரே ஆண்டு என்று வந்தால் கணினி நோயைப் பார்க்கவில்லை. எக்ஸ்-ரே அறையில் ஒரு ஹீட்டரும் பருத்தி கவுனும் வைத்ததுதான் எங்களுக்கு அந்த மாதம் கிடைத்த பெரிய முன்னேற்றம்.

10. அளந்து பாருங்கள்

‘அ’ தரப் படங்களில் 100 எடுங்கள். ஒவ்வொன்றையும் கொடுத்துத் தேடி, முதல் ஐந்தில் எத்தனைக்கு அதே நோய் என்று எண்ணுங்கள்.

அந்த நோயாளியின் மற்ற படங்களை இந்தக் கணக்கிலிருந்து கட்டாயம் நீக்க வேண்டும். ஒருவரின் போன மாதப் படம் இந்த மாதப் படத்தோடு ஒத்துப்போவதில் வியப்பில்லை. இதை நீக்க மறந்து, பிரமாதமாக வேலை செய்கிறது என்று கொண்டாடிய குழுவை நேரில் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் எதோடு ஒப்பிடுவது? உங்கள் தொகுப்பில் நூற்றுக்கு நாற்பது டிபி என்றால், கண்ணைக் கட்டிக்கொண்டு ஐந்து படம் எடுத்தாலும் இரண்டு டிபி வரும். தேடல் இரண்டரை கொடுத்தால் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. நோய்வாரியாகத் தனித்தனியே எண்ணுங்கள். டிபியில் நன்றாக வந்து புற்றுநோயில் ஒன்றுமே வராமல் இருக்கலாம், மொத்தச் சராசரி அதை மறைத்துவிடும்.

“ஒத்த படம் எங்களிடம் இல்லை” என்று சொல்லவும் கணினிக்குக் கற்றுக்கொடுங்கள். எவ்வளவு தூரத்துக்கு அப்பால் ஒப்புமை இல்லை என்று ஓர் எல்லை வேண்டும். ஒரு கை எக்ஸ்-ரே, ஒரு வயிற்று எக்ஸ்-ரே, ஒரு குழந்தையின் நெஞ்சு, மூன்றையும் கொடுத்துப் பாருங்கள். மூன்றுக்கும் பத்துப் பத்துப் படமாக வாரிக் கொடுத்தால் எல்லையை இறுக்குங்கள்.

11. மருத்துவரின் மேசையில் எந்த வரிசையில் காட்டுவது

முதலில் மருத்துவர் தாம் பார்த்ததை ஒரு வரி எழுத வேண்டும். அதை எழுதும்வரை தேடல் பொத்தான் திறக்காதபடி வையுங்கள். புதிய மருத்துவர்களுக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் ஐந்து டிபி படங்களை முதலில் பார்த்துவிட்டு நோயாளியின் படத்தைப் பார்த்தால், டிபி இல்லாத இடத்திலும் டிபி தெரியும்.

இரண்டாவது, அதே நோயாளியின் பழைய படம் இருந்தால் அதைத் தனியாக, பெரிதாகக் காட்டுங்கள். ஐந்து வருடத்துக்கு முன்பும் அதே திட்டு அதே அளவில் இருந்தால் அநேகமாக அது ஆறிய தழும்பு. அதற்கு ஈடான படம் வேறு எவரிடமும் கிடைக்காது.

மூன்றாவதுதான் மற்றவர்களின் படங்கள். மிக நெருங்கிய மூன்று, அப்புறம் வேறு நோய்முடிவு உள்ளவற்றில் நோய்க்கு ஒன்றாக மிக நெருங்கியது. இந்த இரண்டாம் வரிசைக்குத்தான் மதிப்பு அதிகம். வலது உச்சியில் திட்டோடு ஒருவர் வருகிறார் என்று வையுங்கள். முதல் வரிசையில் இரண்டு டிபி, ஓர் ஆறிய டிபி. இரண்டாம் வரிசையில் ஒரு புற்றுநோய், பயாப்சியில் உறுதியானது. மருத்துவர் சளியைச் சிபிநாட்டுக்கு அனுப்புகிறார். அதோடு, நெகட்டிவ் வந்தால் சி.டி.க்கு அனுப்ப வேண்டும் என்று அப்போதே சீட்டில் எழுதிவைக்கிறார். கூடலூரிலிருந்து ஊட்டிக்கு ஏறக்குறைய 50 கி.மீ. மலைப்பாதை. அந்தப் பயணத்தை யார் போக வேண்டும், எப்போது போக வேண்டும் என்று தீர்மானிக்க இது உதவுகிறது.

ஒப்புமையைச் சதவீதமாகக் காட்டாதீர்கள். “87% ஒப்புமை, டிபி” என்று திரையில் வந்ததை “டிபி இருக்க 87% வாய்ப்பு” என்று ஒருவர் வாசித்ததை என் காதால் கேட்டேன். அன்றே அந்த எண்ணை எடுத்துவிட்டோம். அதற்குப் பதிலாக ஒவ்வொரு படத்தின் கீழும் நோய்முடிவு, எதனால் உறுதி, தரம், மூன்றும் இருக்கட்டும்.

தேடலில் வந்ததை நோயாளியின் ரிப்போர்ட்டில் அச்சிடாதீர்கள். மருத்துவர் எழுதும் முடிவுதான் ரிப்போர்ட்.

12. தொடர்ந்து பார்த்துக்கொள்வது

மெஷின் மாறினால் ஒன்பதாவது, பத்தாவது படிகளைத் திரும்பச் செய்யுங்கள். மாதிரியை மாற்றினால் எல்லாப் படத்தின் வெக்டரையும் புதிதாக எடுங்கள். பழையதும் புதியதும் ஒரே பட்டியலில் கலந்தால் தேடல் உளறும், ஆனால் பிழைச் செய்தி எதுவும் வராது.

ஒவ்வொரு தேடலையும் பதிவு செய்யுங்கள்: எந்தத் தேதியில், எந்தக் குறியீட்டு எண்ணுக்கு, எந்தெந்தப் படங்கள் காட்டப்பட்டன. ஒரு நோய்முடிவு மாறினால் பழைய வரியை அழிக்காமல், தேதி போட்டுப் புதிய முடிவை அதன் கீழே எழுதுங்கள். அடுத்து அந்தப் பதிவைத் திறந்து, தவறான பெயரோடு அந்தப் படம் இதுவரை யார் யாருக்குக் காட்டப்பட்டது என்று தேடுங்கள்.

அந்தத் தேயிலைத் தோட்டத்து அம்மாவின் சீட்டு எட்டு மாதம் கழித்துக் கைக்கு வந்த அன்று இதைத்தான் செய்தோம். அந்தப் படம் முதல் வரிசையில் வந்த தேடல்களை எடுத்து, சளி நெகட்டிவாகியும் மேற்கொண்டு பரிசோதனை எதுவும் செய்யாமல் விட்டவர்களைப் பிரித்தோம். இரண்டு பேர். செவிலியர் மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவர்கள் ஊருக்குப் போனார்.